நெருக்கிச் சுற்றிய கம்பி

மோட்டாருக்குத் தாமிரக் கம்பிச் சுருள், காயில், கட்டிப் பழகிய கை திருமூர்த்திக்கு. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நூல்கூட நுழையாது. மகள் ஊட்டியிலிருந்து கொண்டுவந்து, மொட்டைமாடித் தொட்டியில் போன்சாயாக வளர்த்த முழ உயர ஓக் மரத்தையும் அப்படியே தாமிரக் கம்பியால் சுற்றி வளைக்கிறார். மருதமலைப் பக்கம் வானம் கறுக்கிறது. அவர் மனைவி சுலோச்சனா குனிந்து பார்க்கிறாள். ஆடி மாசம் சுற்றிய கம்பியைக் காணோம். பட்டை அதை விழுங்கி, உதடு மாதிரி மூடிக்கிடக்கிறது. "ஏனுங்க, கொஞ்சம் லூசா உடுங்க. ஞாயித்துக்கெழம பாப்பா வந்து கேப்பாளுங்க." "லூசா உட்டா நிக்காது அம்மணி." இடுக்கி இன்னொரு முறுக்கு முறுக்குகிறது. காற்றே இல்லை. பச்சை மாறாத இலையொன்று அவள் காலடியில் உதிர்கிறது. பிறகு இன்னொன்று. "முப்பத்தெட்டு," என்கிறார் அவர், சுற்றை எண்ணியபடி.