ரப்பர் ஆப்பு

"அக்கா, கதவைத் திறங்க. சத்தம் போடாம திறங்க."

வெளியே நின்று கிசுகிசுத்தது பச்சைமுடிதான். உள்ளே கணக்கு டீச்சர் கதவை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

பள்ளிக்கு லீவு விட்டதும், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக ஊர் சுற்றக் கிளம்பியவர் டீச்சர். நாற்பத்திரண்டு வயதில் இதுதான் முதல் தடவை. தங்கியது பயணிகளுக்கான ஹாஸ்டலில். பெண்கள் அறையில் மேலும் கீழுமாக நாலு கட்டில். மதியம் வந்து சேர்ந்தபோது, எதிர்க்கட்டிலில் அந்தப் பெண் மட்டும்தான் இருந்தாள். ஒரு பக்கத் தலையை மழித்து, மீதி முடிக்குப் பச்சைச் சாயம். கழுத்தில் பாம்பு டாட்டூ. டீச்சர் மனசுக்குள் 'பச்சைமுடி' என்று பெயர் வைத்துவிட்டார்.

"தனியாவா வந்தீங்க?" என்று கேட்டாள்.

"ம்."

"கூட யாரும் வரலியா?"

"வருவாங்க." டீச்சர் பொய் சொன்னார்.

அவள் டீச்சரையும் பையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள்.

டீச்சர் உடனே அண்ணனுக்குப் போன் போட்டார். மெடிக்கல் ரெப், மாதத்தில் இருபது நாள் வெளியூரில் கிடப்பவர். பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று லிஸ்ட் போட்டுக் கொடுத்ததே அவர்தான்.

"பூட்டு எடுத்தியா?"

"லாக்கருக்குப் போட்டாச்சு."

"அடையாள அட்டை ஜெராக்ஸ்?"

"பையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு."

"விசில்?"

"கழுத்துலதான் தொங்குது. அண்ணா, கூட இருக்கறவ ஒரு மாதிரியா இருக்கா. பயமா இருக்கு."

"நான் வாங்கிக் கொடுத்த ரப்பர் ஆப்பு இருக்குல்ல, அதைக் கதவுக்கு அடியில செருகிடு. சாவி வெச்சிருக்கறவளும் உள்ள வர முடியாது. அடுத்தவன் நமக்கு ஆப்பு வெக்கறதுக்கு முன்னாடி நாம கதவுக்கு வெச்சுடணும். இன்னொண்ணு கேட்டுக்கோ. திருட்டுக் கும்பல் முதல்ல ஒரு பொண்ணைத்தான் அனுப்பும். அக்கான்னு உறவு கொண்டாடும். இளகிடாதே."

டீச்சர் ஆப்பைச் செருகி, காலால் இரண்டு மிதி மிதித்தார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாவி திரும்பியது. கதவு ஒரு விரற்கடை அசைந்து நின்றது. அப்போதுதான் அந்தக் கிசுகிசுப்பு.

"எதுக்குத் திறக்கணும்?" என்றார் டீச்சர் உரக்க.

"கத்தாதீங்கக்கா. உள்ள வந்து சொல்றேன்."

"எதுவானாலும் கீழ மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லு."

"அவர் சாப்பிடப் போயிட்டார். அக்கா, நேரமில்ல."

கதவு குலுங்கியது. ரப்பர் கிரீச்சென்று தரையில் நகர்ந்தது. டீச்சர் ஓடிப்போய் முதுகைக் கொடுத்துக் கதவைத் தாங்கினார். மேனேஜர் மேஜைக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள். ஜன்னல் வழியாக இறங்கலாமென்றால் மூன்றாவது மாடி.

வராந்தாவில் இன்னொரு காலடி கேட்டது. ஷூ போட்ட கனமான கால். எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. இன்னும் கிட்டத்தில் இன்னொன்று.

கூட்டாளியும் வந்துவிட்டான்.

கதவைத் தள்ளுவது நின்றது. வெளியே தணிந்த குரலில் பேச்சு. ஓர் ஆண், ஒரு பெண். என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை. அப்புறம் ஏதோ ஒன்று 'தொம்'மென்று கதவில் மோதியது.

டீச்சர் விசிலை வாயில் வைத்தார். கண் இருட்டிக்கொண்டு வரும்வரை ஊதினார்.

ஷூ கால் தடதடவென்று படியிறங்கி ஓடியது. பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. கொஞ்ச நேரத்தில், "மேடம், நான் மேனேஜர். திறங்க," என்று ஒரு குரல்.

இறுகிப்போன ஆப்பு லேசில் வரவில்லை. திறந்தபோது வாசலில் கூட்டம். நடுவில் பச்சைமுடி, முழங்கையைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இவதான் சார். கூட ஒருத்தன் வந்தான். அவன் ஓடிட்டான், இவ மாட்டிக்கிட்டா."

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பார்த்தாலே தெரியுதே. போய்ப் பையைக் கட்டும்மா. இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார்," என்றாள் அவள். விரல்களுக்கு நடுவே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "அவன் முகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கீழ ஆள் இல்லாததால, மேல ஏறி ஒவ்வொரு ரூமாத் திறந்து பாத்துக்கிட்டே வந்தான். அவனுக்கு முன்னாடி வந்துடணும்னுதான் ஓடி வந்தேன்."

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. "அவனுக்குப் பயந்துதான் கதவைத் தள்ளினியா? உன்னைத் தேடியா வந்தான்?"

"உங்களைத் தேடிக்கா. பஸ் ஸ்டாண்டுலேர்ந்தே உங்க பின்னாடி வந்ததா கீழ நின்னு போன்ல யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தான். இங்க வந்ததும், தனியா வந்த கண்ணாடி போட்ட அம்மா எந்த ரூம்னு என்கிட்டயே கேட்டான். இந்த ரூம்ல நான் மட்டும்தான் இருக்கேன்னு சொல்லிட்டு, கதவை மறிச்சு நின்னேன்."