ஏழாம் நம்பர் கட்டில்

"ஏழாம் நம்பர் ரூம் இல்லேன்னா எனக்கு எந்த ரூமும் வேண்டாம் தம்பி. இப்படியே திரும்பிப் போயிடறேன்."

சொன்ன அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மேனேஜருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பழைய கன்னியர் மடத்தை விடுதியாக்கித் திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஏழாம் நம்பரைப் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று எப்போதோ பதிவு செய்துவிட்டது. சாயங்காலம் வந்து நிற்பார்கள்.

பெரிய அறை தருகிறேன், பால்கனி வைத்தது தருகிறேன் என்று அவனும் சொல்லிப் பார்த்தான். பால்கனியில் நான் என்ன துணியா காயப்போடப் போகிறேன் என்று கேட்டுவிட்டார் அந்த அம்மா.

"அந்த ரூம்ல அப்படி என்னம்மா இருக்கு? இருக்கிறதிலேயே சின்னது அதுதான்."

"தெரியும். வாசல்லேருந்து ஜன்னல் வரைக்கும் பதினேழு கல்லு. ஜன்னலுக்குக் கீழ ஒரு கல்லு மூலை உடைஞ்சிருக்கும். மாத்திட்டீங்களா?"

மாற்றவில்லை. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நீங்க இங்க இருந்தீங்களாம்மா?"

"பன்னெண்டு வருஷம். இருபது வயசுல இந்த வாசப்படி மிதிச்சேன்."

அவன் எழுந்தே நின்றுவிட்டான். இங்கே வாழ்ந்த சிஸ்டர் யாராவது உயிரோடு இருந்து வந்தால் தலையில் வைத்துத் தாங்கு என்று முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பாதியில் ஏன் மடத்தை விட்டுப் போனார் என்று கேட்பது மரியாதையில்லை. அவன் கேட்கவில்லை. ஜோடிக்கு நாலாம் நம்பர், வருவது வரட்டும் என்று ஏழாம் நம்பர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

மாடியில் நீள நடைக்கு நடுவே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. அவர் அதில் கால் வைக்கவில்லை. சுவரை ஒட்டி, ஓரமாகவே வந்தார். நடுவில் வாங்கம்மா என்றதற்குப் பழக்கமாகிவிட்டது என்றார். என்ன ஒரு அடக்கம் என்று அவன் மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

ஒவ்வொரு கதவாகக் காட்டிக்கொண்டே வந்தார். இதில் இருந்தவர் வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். அதில் இருந்தவருக்குக் குதிகால் முழுக்க வெடிப்பு, குளிர்காலத்தில் பார்க்கவே பாவமாக இருக்கும். இந்தக் கோடியில் இருந்தவர் புதுச் செருப்பு வாங்கினால் இரண்டு நாள் குழந்தை மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நடப்பார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. யார் முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. குனிந்த தலை நிமிராமல் வாழ்ந்தவர்கள் என்று மேனேஜர் எங்கோ படித்திருந்தான். இப்போது நேரிலேயே பார்த்துவிட்டான்.

ஏழாம் நம்பர் அறையில் மடத்துக் காலத்து இரும்புக் கட்டில் அப்படியே இருந்தது. அவர் விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். உட்காரவில்லை.

"நீங்க போங்க தம்பி. நான் அப்புறம் உக்காந்துக்கறேன்."

சாப்பாட்டுக்கூடமாக மாறியிருந்த பழைய ஜெபக்கூடத்தைக் காட்டியபோதுதான் அது நடந்தது. கோடியில் இருக்கிற பெரிய ஜன்னல் வரை போனார். சற்று நேரம் நின்றார். பிறகு முகத்தைத் திருப்பாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் எடுத்து வைத்து, அவ்வளவு தூரத்தையும் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்தார். கடவுள் இருந்த இடத்துக்கு இத்தனை காலம் கழித்தும் முதுகு காட்ட மாட்டேன் என்கிறாரே என்று மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டான். அவனும் அப்படியே பின்னால் நடந்து வந்து, நிலைக்கதவில் மண்டையை இடித்துக்கொண்டான்.

சாயங்காலம் வந்த ஜோடி முதலில் எகிறியது. அவன் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் விடுதி முழுக்கக் கதை பரவியாயிற்று.

மறுநாள் காலை அந்த அம்மா இறங்கி வரும்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நன்றாகத் தூங்கின முகம். அவரைப் பார்த்ததும் அத்தனை பேரும் எழுந்தார்கள். ஜன்னலைப் பார்த்துத் தலை குனிந்து, ஒருவர் பின் ஒருவராகப் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்கள். புது மாப்பிள்ளை ஒரு நாற்காலியில் தடுக்கி, மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு தப்பித்தான்.

அந்த அம்மா வாசலிலேயே தயங்கி நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏன் தம்பி எல்லாரும் பின்னாலயே வர்றாங்க? தரை இன்னும் காயலையா?"

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று நீங்கள்தானே அம்மா அப்படி நடந்தீர்கள், சிஸ்டர்கள் எல்லோருமே அப்படித்தானே நடப்பீர்கள் என்று இழுத்தான்.

"சிஸ்டருங்க நேராத்தான் நடப்பாங்க. நான் தரை தொடைக்க வந்தவ தம்பி, ஜன்னல்கிட்ட ஆரம்பிச்சுத் தொடைச்ச இடத்துல கால் படாம வாசல் வரைக்கும் பின்னாலயே வருவேன். ஒருநாள் மயக்கம் வந்து உக்காந்துட்டேன், ஏழாம் நம்பர் சிஸ்டர் என் கட்டில்ல கொஞ்சம் படும்மான்னாங்க. சேலையெல்லாம் ஈரமா இருந்துச்சு, விரிப்பு அழுக்காயிடுமேன்னு அன்னிக்குப் படுக்கல. நேத்துதான் படுத்தேன்."