மரத்தை விடாத மனிதர்

இரண்டு கைகளாலும் இரண்டு கால்களாலும் மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தார் அந்த மனிதர். கண்களை இறுக மூடியிருந்தார். கீழே மேஸ்திரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"சார், மரத்த வேரோட வெட்டப் போறதில்ல. கம்பிய உரசற உச்சிக் கிளைய மட்டும் கழிக்கப் போறோம். இறங்கி வாங்க, டீ வாங்கித் தர்றேன்."

டீ என்றதும் ஒரு கண் திறந்தது. கீழே பார்த்தது. உடனே மூடிக்கொண்டது.

"டீக்கெல்லாம் மசியற ஆள் இல்ல மாமா," என்றான் ரம்பக்காரன். மேஸ்திரியின் மனைவிக்குத் தம்பி. மெஷின் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சும்மா நின்றதில், அவனுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது. "நாம வர்றதுக்கு முன்னாடியே ஏறி உக்காந்திருக்கான்னா பாத்துக்கோயேன்."

புறம்போக்கில் மின்கம்பி போகும் பாதை நெடுகப் புதரெல்லாம் கழித்தாகிவிட்டது. மிச்சம் இந்த ஒரு மரம். போன கோடையில் இதன் கிளை கம்பியில் உரசிப் பொறி விழுந்து, காய்ந்த புல்லில் பிடித்த தீ சரிவு முழுக்கத் தின்றுவிட்டு மேஸ்திரி வீட்டுக் கொல்லையில் வந்து நின்றது. கக்கூஸ் கதவு போயிற்று. அன்றிலிருந்து உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"இந்தத் தடவ வீடே போயிரும்டா," என்றார் மேஸ்திரி. "காத்து வேற ஆரம்பிச்சிருச்சு. சாயங்காலம் லைன்ல கரண்ட் விட்ருவாங்க. அப்புறம் கோடை முடியற வரைக்கும் நிறுத்தவே மாட்டாங்களாம்."

"வீடு கெடக்கட்டும் மாமா. உன் பாட்ட இன்னொரு வருஷம் எவன் கேக்கறது?"

மரத்தடியில் கூட்டம் சேர்ந்திருந்தது. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கையில் மைக்கோடு ஓடிவந்த அம்மாள்தான் தலைவி. மரத்தை ஒருவர் கட்டிப்பிடித்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட வேகத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தோழர் யாருன்னே எங்களுக்குத் தெரியாது!" என்று மைக்கில் முழங்கினார். "ஆனா அவர் மனசு எங்களுக்குத் தெரியும்! எப்படிப் புடிச்சிருக்காரு பாருங்க! பெத்த புள்ளயக்கூட யாரும் அப்படிப் புடிக்க மாட்டாங்க!"

கூட்டம் கைதட்டியது. தோழர் பிடியை இன்னும் இறுக்கினார்.

"யம்மா, தீப்பிடிச்சா இந்த மரமும் சேந்துதாம்மா எரியும்," என்றார் மேஸ்திரி.

"மிரட்டறீங்களா?" என்று அந்த அம்மாள் அதையும் மைக்கிலேயே கேட்டார்.

மேஸ்திரிக்கு இருந்தது ஒரே வழி. மின்வாரியத்துக்கு வந்திருக்கும் புது ஆபீசர். அவர் முகத்தை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. வேலையில் சேர்ந்ததுமே போனில் சட்டம் போட்டிருந்தார்: கம்பிக்கும் கிளைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அவரே நேரில் பார்த்து உத்தரவு கொடுத்தால்தான் இனி ரம்பத்தைத் தொடவேண்டும். இன்று காலை வருவதாகச் சொன்னவர், உச்சி வெயில் சாய்ந்தும் வந்தபாடில்லை.

மேஸ்திரி போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. மேலே தோழர், சட்டைக்குள் எறும்பு புகுந்ததுபோல நெளிந்தார்.

"பாரு மச்சான், எறும்பு கடிக்குது. ஒரு கைய எடுத்துத் தட்டி விடறானா? கொள்கைக்காரன்டா!"

"ஆபீசர் எடுக்கலியா மாமா?"

"எங்க எடுக்கறான்? ஏசில குறட்டை விட்டுட்டிருப்பான். நேர்ல பாக்கப் போறாராம், நேர்ல! மரம்னா பச்சையா இருக்கும்கறதாச்சும் அந்தாளுக்குத் தெரியுமோ என்னமோ!"

மேலிருந்து ஒரு முனகல் வந்தது.

"மரத்துக்காக அழறாரு!" என்றது மைக். கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேஸ்திரி மறுபடி போன் போட்டார். தோழர் மறுபடி நெளிந்தார். ஆபீசர் எடுக்கவில்லை.

வெயில் இறங்கியது. காற்றில் காய்ந்த புல் சரசரத்தது. சட்டி பானையை எந்தச் சொந்தக்காரன் வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்று மனதுக்குள் தேடியபடி, மேஸ்திரி தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஜெயிச்சுட்டீங்கம்மா. மரமும் உங்களுது, ஆளும் உங்களுது. டேய், சாமானெல்லாம் வண்டியில ஏத்துங்கடா."

ரம்பம் ஏறியது. கயிறு ஏறியது. ஏணியும் ஏறியது. ஏணி போவதைத் தோழர் இரண்டு கண்களையும் திறந்து பார்த்தார்.

"தோழரே! எத்தன நாளானாலும் நீங்க இறங்கவே வேணாம்!" அந்த அம்மாள் மைக்கை மேலே தூக்கிப் பிடித்தார். "சோறு தண்ணி எல்லாம் கம்புல கட்டி மேல அனுப்பறோம்! மழை வந்தா குடையும் அனுப்பறோம்!"

கூட்டம் ஆரவாரித்தது. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அப்போதுதான் தோழர் முதன்முதலாக வாயைத் திறந்தார். பாதி அதட்டல், பாதி அழுகை.

"யோவ் மேஸ்திரி, வெட்ட உத்தரவு குடுத்தாச்சு, முதல்ல உங்க ஆபீசரக் கீழ இறக்குங்கய்யா!"