பக்கத்து ஸ்டூல்

14.7.1983. நேற்று ‘ஈரம் இல்லை’ என்று எழுதியது தப்பு. பார்க்காமலே எழுதிவிட்டேன்.

வகுப்புக்குக் கிளம்பும்முன் இராமலட்சுமி நோட்டில் இதை எழுதினாள். ஆபரேஷன் செய்த மதுரை டாக்டர், துணியில் ஈரம் உண்டா என்று தினமும் பார்த்து ஆறு மாதம்தான் எழுதச் சொன்னார். அவள் மூன்று வருடமாக எழுதுகிறாள்.

பிறவியிலேயே அவளுக்கு ஒரு சிறுநீர்க்குழாய் இடம் மாறித் திறந்திருந்தது. பதினாறு வயதுவரை இரவும் பகலும் சொட்டியது. ஒன்பதாம் வகுப்பில் அவள் பெஞ்சைக் கழுவி வெயிலில் போட்டார்கள்; அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. மடித்த துணியை மட்டும் அவள் இன்னும் விடவில்லை.

தென்காசி டைப்ரைட்டிங் வகுப்பில் அன்று சாயங்காலம் நாற்றம் எழுந்தது.

சாரல் மாதம். யார் துணியும் சரியாகக் காய்வதில்லை. ஆனால் இது அந்த வாடை இல்லை. மூத்திரம். அவளுக்குத் தெரியாத நாற்றமா?

விரல்கள் நின்றுவிட்டன.

எதிர் மெஷினில் இருந்த பேராச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இராமலட்சுமியையே பார்த்தாள். “ஏட்டி, எவட்டி இங்கன ஒண்ணுக்கு இருந்தது? மாஸ்டர்ட்ட சொல்லி டெட்டால் ஊத்தச் சொல்லணும் போல்லா இருக்கு.”

எல்லோரும் திரும்பினார்கள். பள்ளிக்கூடத்துக் கதை அவர்களுக்குத் தெரியும்.

பரீட்சைக்கு இருபது நாள். இங்கிருந்தும் அனுப்பிவிட்டால்?

பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

எழுந்தாள். முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். காய்ந்த பாவாடை, காய்ந்த ஸ்டூல். நன்றாகப் பார்க்கட்டும்.

எல்லோர் கண்களும் பக்கத்து ஸ்டூலுக்கு நகர்ந்தன.

அங்கே ஞானபாக்கியம். எட்டு மாத வயிறு. இந்த வகுப்பில் இராமலட்சுமி பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். ஞானபாக்கியம் மெதுவாக எழுந்தாள். சேலையின் பின்புறம் மஞ்சளாக நனைந்திருந்தது.

“எனக்கே தெரியலையே லெட்சுமி,” என்றாள்.

பேராச்சி ஜன்னல் வழியே காறித் துப்பினாள். ஞானபாக்கியம் குடையால் சேலையின் பின்புறத்தை மறைத்தபடி படியிறங்கிப் போனாள்.

இராமலட்சுமி உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. அன்று ஒரு பிழை இல்லாமல் இரண்டு பக்கம் அடித்தாள்.

எல்லோரும் போனபின் மெஷினுக்கு உறை மாட்டினாள். பக்கத்து ஸ்டூலின் பின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொன்று.

நிமிர்ந்தாள். உத்தரத்தில் வரிசையாக வௌவால்கள். ஓட்டு இடுக்கில் இறங்கிய சாரல் தண்ணீர் அவற்றின் எச்சத்தைக் கரைத்துக்கொண்டு மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

பதினாறு வருடம் அந்த நாற்றத்தோடு வாழ்ந்தவள், முகர்ந்ததும் தேடியது ஒரு பெண்ணைத்தான்.

அந்த இனிப்பு தொண்டைவரை ஏறி வந்தது. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள்.

நாளை: ஐந்து மணிக்கு ஞானபாக்கியம் வீட்டுக்குப் போய் வௌவாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு வகுப்பில், பேராச்சி இருக்கும்போது, சத்தமாகச் சொல்ல வேண்டும்.