நுனிக்குப் போகும் வில்

பல்லேகலயில், மூடிய யன்னலுக்கு அப்பால் பஸ் ஒன்று விடாமல் ஹோர்ன் அடிக்கிறது. பாயில் சம்மணமிட்டு வயலினைப் பிடித்திருக்கும் பிரியாந்தினிக்கு வலது கையை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. அந்தக் கையின் மணிக்கட்டிலும் முழங்கைக்கு மேலும் கட்டியிருக்கிற சிறிய கறுப்புச் சென்சர்கள் பச்சையாகக் கண்சிமிட்டுகின்றன. அவள் கையசைவை அவை கணினிக்கு அனுப்ப, அவளுடைய பழைய வாசிப்புகளைக் கேட்டுப் பழகிய மென்பொருள் இன்றையதை அவற்றோடு ஒப்பிட்டுக் கோடு வரைகிறது. அந்த மென்பொருளைச் செய்த ஸிபான் திரையிலிருந்து தலையை நிமிர்த்துகிறான். “வில் நுனிக்குப் போற நேரம் முழங்கை தூக்குது மிஸ். முந்தி இப்படி இல்ல. நோவு ஏதும் இருக்கா?”

“இல்லை. பட்டியை இறுக்கிக் கட்டிப்போட்டன்.” அவள் பட்டியைத் தளர்த்துகிறாள். வில்லில் தேவைக்கு மேல் குங்கிலியம் தேய்க்கிறாள். வெண்தூள் சேலையில் உதிர்கிறது. அதே வரியை மறுபடி வாசிக்கிறாள். சுருதி எங்கும் பிசகவில்லை. ஆனாலும் கோடு அதே இடத்தில் சரிகிறது. “சனிக்கிழமை கச்சேரி இருக்கு” என்கிறாள், அவன் கேட்காமலே. வெளியே ஹோர்ன் இன்னும் ஓயவில்லை. “உந்த மெஷின் பிழை விடாதோ?”

“விடும் மிஸ். அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்.”

பிரியாந்தினி வில்லை மடியில் கிடத்துகிறாள். இடது கை தானாகப் போய் வலது முழங்கையைப் பற்றிக்கொள்கிறது.

“ஓம் தம்பி, நோகுது. சீப்பெடுத்துத் தலை இழுக்கவும் ஏலாமல் கிடக்கு.”