கெடு தாண்டிய வாசகர்

‘அனுப்பு’ என்ற பொத்தானை அதிகாரியே தன் கையால் அழுத்தினார்.

கெடு முடிந்தும் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு இனிமேல் நூலகக் கணினியே செல்போனில் செய்தி அனுப்பிவிடும். இன்றுதான் முதல் நாள்.

புத்தகம் வெளியே போகாத கிளைகளை மூடிவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. இந்தக் கிளையின் கதி என்ன என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார்.

கணினி காட்டிய கணக்கைப் பார்த்தால் மூட மனம் வராது. அவ்வளவு புத்தகம் போயிருந்தது.

நூலகரம்மா மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியை விட்டு நகரவேயில்லை. உட்காரச் சொல்லியும் அதை மறைத்தபடி நின்றாள்.

வாசலில் டிங் என்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஓயவேயில்லை.

அவள் வாசலைப் பார்த்தாள். பைக்கில் சாய்ந்து அவளுக்காகக் காத்திருந்தவர் அவள் கணவர். ஊரெல்லாம் குழாய் மாட்டுகிறவர். மழைக்குக்கூட நூலகத்தில் ஒதுங்காதவர்.

போனைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

“ஏம்மா, கோழி வளர்ப்பு, வருமான வரிச் சட்டம், கர்ப்பகாலப் பராமரிப்பு... இதெல்லாம் நான் எப்ப எடுத்தேன்?”

அவள் அலமாரியோடு இன்னும் ஒட்டி நின்றாள்.

அதிகாரியோ எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதை எடுத்தோம் என்பதே மறந்துபோகும் அளவுக்குப் படிக்கிற ஒரு மனிதரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

“உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா போதும் சார், இந்தக் கிளைய யாரும் மூட முடியாது. இன்னைக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, வாசல்ல வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

சொல்லிவிட்டு வெளிச்சம் பார்க்க வெளியே போனார்.

அவள் அவசரத்தில் பின்னால் கைவிட்டு, அகப்பட்ட புத்தகத்தை உருவிக் கணினியில் காட்டினாள். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது: இந்தப் புத்தகம் ஏற்கெனவே வெளியே போயிருக்கிறது.

கணவர் திரையைப் படித்தார். அவள் கையைப் பார்த்தார். பிறகு அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கேயும் ஒரு இடைவெளிகூட இல்லை.

பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். அவள் கையிலிருந்த ‘கர்ப்பகாலப் பராமரிப்பு’ நூலை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

கணினி வந்த பிறகு அந்த நூலகத்தை விட்டு வெளியே போன முதல் புத்தகம் அதுதான்.