பத்து கம்ப்யூட்டர் ஆர்டர்

சர்க்கரை என்பது கடையில் அவனுக்கு வைத்த பெயர். அவன் வாயைத் திறந்தால், சும்மா விலை கேட்க வந்தவர்கூட பில் போடச் சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவனிடமே முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "மூணு மாசமா ஒரு ஆர்டரும் இல்ல. இந்தப் பள்ளிக்கூடத்தையும் கோட்டை விட்டேன்னா, திங்கக்கிழமை கடைப் பக்கமே வராதே."

சரக்கு என்னவென்று கேட்கிறீர்களா? ஏதோ ஓர் ஆபீஸ் தூக்கிப் போட்ட பத்து கம்ப்யூட்டர். துணியால் துடைத்து, உள்ளே திருட்டு எடிட்டிங் சாஃப்ட்வேரை ஏற்றி, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்தது. டெமோ காட்ட மட்டும் கடையிலேயே உசத்தியான கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனான்.

தலைமையாசிரியையைப் பார்த்ததும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு என்று அவன் அளந்துவிட்டதையெல்லாம் அந்தம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு எழவும் புரியல தம்பி. பிள்ளைங்களுக்கு வீடியோ எடிட்டிங் சொல்லித்தரணும்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. எது நல்லதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"நானாச்சு மேடம். கவலைய விடுங்க."

"ஒண்ணு பண்ணுங்களேன். ஆண்டு விழாவுல மூணாங் கிளாஸ் ஆடின டான்ஸ் இருக்கு. அதை உங்க மிஷின்ல வெட்டி ஒட்டிக் காட்டுங்க. கண்ணால பாத்தாத்தான் என் மரமண்டைக்கு ஏறும்."

சர்க்கரைக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. கல்யாண வீடியோ எடிட் செய்து வயிறு வளர்த்தவன் அவன். இதெல்லாம் அவனுக்கு ஜுஜுபி.

உட்கார்ந்த பிறகுதான் லட்சணம் தெரிந்தது. மொத்தம் இரண்டு கேமரா. ஒன்றை டிரில் மாஸ்டர் பிடித்திருந்தார், ஆட்டமென்றால் அப்படியோர் ஆட்டம். இன்னொன்றில் பாதி நேரம் யாரோ ஒருவருடைய வழுக்கைத் தலைதான் தெரிந்தது. மேடையில் நாற்பது பட்டாம்பூச்சிகள். ஒன்றுக்கு இறக்கை கழன்று தொங்கியது, ஒன்று கடைசிவரை அழுதுகொண்டே ஆடியது.

தலைமையாசிரியை மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, என்னமா பண்றீங்க! அந்த அழற பிள்ளைய மட்டும் எடுத்துடலாமா?" என்றார். அடுத்த தடவை ஓடி வந்து, "ஐயையோ, எடுத்துடாதீங்க தம்பி! அவங்கப்பாதான் புதுக் கட்டடத்துக்கு நன்கொடை தர்றாரு. இன்னும் கொஞ்ச நேரம் காட்டுங்க" என்றார்.

இரண்டு முழு நாள் ஆனது. கழுத்து மரத்துப்போனது. சர்க்கரை சளைக்கவில்லை. அந்தம்மா தலையில் மிளகாய் அரைக்கப் போகிறோம், அதற்காக இரண்டு நாள் கை வலித்தால்தான் என்ன?

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது.

"தம்பி, சாயங்காலம் பெற்றோர்களுக்கு ஆண்டு விழா வீடியோ முழுசையும் போட்டுக் காட்டுறோம். நீங்க கண்டிப்பா வரணும். முன்வரிசையில இடம் போட்டிருக்கேன்."

முன்வரிசை! மேடைக்குக் கூப்பிட்டே ஆர்டரைக் கொடுக்கப்போகிறார். சர்க்கரை உடனே கடைக்கு போன் போட்டான். "முதலாளி, ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிங்க!"

அரங்கில் விளக்கு அணைந்தது. ஒண்ணாங் கிளாஸ் டான்ஸ்தான் முதலில் வந்தது. தலைப்பு எழுத்துகள் தங்க நிறத்தில் சுழன்று வந்து நின்றன. ஒரு வெட்டு பிசகவில்லை. கைதேர்ந்த ஆள் செய்த வேலை என்று பார்த்ததுமே சர்க்கரைக்குத் தெரிந்துபோனது. இப்படி ஓர் ஆளைக் கையில் வைத்துக்கொண்டா இந்தம்மா ஒன்றும் தெரியாது என்றார்?

பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். முன்வரிசை முழுக்க டை கட்டிய ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒவ்வொரு கம்பெனிப் பை.

பக்கத்து இருக்கைக்காரர் பெருமை தாங்காமல் அவன் காதோரம் சாய்ந்தார்.

"ஒண்ணாங் கிளாஸ் நான் பண்ணிக் காட்டின டெமோ சார். உங்களுக்கு எந்த கிளாஸ் குடுத்தாங்க?"